ஞானப்பிரகாசம் எனக்குத் தராத செய்தி

ஞானப்பிரகாசம் இறந்த செய்தி எனக்கு முன்னால் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தெருவும் ஒரு பால் பூத்தும். செய்தி முதலில் போன ஊரோ பேருந்தில் அரைநாள் தூரம். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. நூலக அலுவலர் வளர்மதி.

“சார், அங்கதானே இருக்கீங்க? அம்மா எப்படி இருக்காங்க?”

“எந்த அம்மா?”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன் சார்” என்று சொல்லி அழத் தொடங்கினார்.

சட்டையை மாட்டிக்கொண்டு அந்த ஒரு தெருவை ஓடிக் கடந்தேன். ஓடும்போது மனதில் முதலில் எழுந்த கேள்வி, இந்தப் பெண்ணுக்கு எப்படி எனக்கு முன்னால் தெரிந்தது என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையை மாற்றி எழுதினால் ஞானப்பிரகாசமே சிரிப்பார். அவர் மனைவி தெரேசா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: “கையும் ஓடல, காலும் ஓடல அண்ணே. அவர் போன்ல கடைசியா பேசுன நம்பர் மேலயே இருந்துச்சு. அதுக்கு அடிச்சுட்டேன்.”

கடைசியாகப் பேசிய எண்ணும் வளர்மதியுடையதுதான்.

இந்த நினைவு மலருக்கு நூலகர்கள் கட்டுரை கேட்டபோது முதலில் மறுத்தேன். அவரைப் பற்றி எழுத என்னைவிட நீங்கள் தகுதியானவர்கள் என்று சொன்னேன். அது பணிவு என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். உண்மையில் அது பொறாமை. பெருந்தொற்றுக் காலத்தில் அவரை நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனீர்கள். திருப்பித் தரவே இல்லை.

நான் நிருபர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் செய்தியை யாராவது படிக்கிறார்களா என்று வேவு பார்க்கத் தஞ்சாவூரில் ஒரு நூலகத்துக்குப் போவேன். நாளிதழ்ப் பிரிவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கே நூலகராக இருந்த ஞானப்பிரகாசம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதானே அந்த மதகுச் செய்தி எழுதினது?”

பெருமையாக ஆமாம் என்றேன்.

“மூணாவது பத்தியில எல்லாரும் பக்கத்தைத் திருப்பிடுறாங்க. காலையிலேர்ந்து பாத்துட்டிருக்கேன். அங்க என்ன எழுதினீங்க?”

மூன்றாவது பத்தியில் பொறியாளர் கொடுத்த விளக்கத்தை அப்படியே இறக்கியிருந்தேன். மதகு உடைந்தால் யார் வயலுக்குத் தண்ணீர் போகாது என்பது ஆறாவது பத்தியில் இருந்தது. எந்த ஆசிரியரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அன்று மாலை மேலவீதியில் ஒரு கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். அது வழக்கமாயிற்று. அவர் வெளியூர்களுக்கு மாற்றலாகி, மாவட்ட நூலக அலுவலராகி, திரும்பி வந்து ஓய்வு பெற்ற பிறகும் மாலை ஆறு மணி எனக்கு உரியது. நகரத்தில் நடப்பதை நான் சொல்வேன். அதில் எது செய்தி என்று அவர் சொல்வார்.

அந்த ஆறு மணி ஊரடங்கோடு போனது. கடை மூடியது. போனில் பேசிக்கொள்ளலாம் என்றுதான் முடிவு செய்தோம். இரண்டு மாலைகள் பேசினோம். மூன்றாவது மாலை முதல், நான் அழைப்பவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லத் தொடங்கியது. அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? வெளியே போக முடியாது. பேப்பர் தொட்டால் தொற்று ஒட்டும் என்று சொல்லி வீடுகளில் பத்திரிகையை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கங்கள் குறைந்தன. முன்பெல்லாம் ஒரு வாய்க்கால் அடைத்தால்கூட எனக்குப் பத்து போன் வரும். அந்த நாட்களில் என் போன் சும்மா கிடந்தது. ஓய்வு பெற்ற ஒரு நூலக அலுவலரின் போன் ஓயவே இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பிடித்தேன். “யாருகிட்டய்யா இவ்வளவு பேச்சு?”

“நூலக அலுவலருங்ககிட்ட. சுத்துப்பட்டு மாவட்டத்துல முக்காவாசிப் பேரு தற்காலிகமா பொறுப்புல இருக்கறவங்க. நாற்காலி புதுசு. நூலகத்தைத் திறக்கறது எப்படின்னு சொல்லிக் கொடுத்திருக்கோம், மூடி வைக்கிறது எப்படின்னு யாரும் சொல்லிக் கொடுக்கல.”

“நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க.”

“அதனாலதான் கூப்பிடுறாங்க. என்னால அவங்க மேல நடவடிக்கை எடுக்க முடியாதுல்ல.”

தினமும் மாலையில் அவர்கள் கான்ஃபரன்ஸ் காலில் கூடினார்கள். நானும் சத்தம் போடாமல் கேட்கிறேன் என்றேன். முடியாது என்று சொல்லிவிட்டார். “நிருபரே, அது செய்தி இல்ல. பயந்தவங்க பேசிக்கிறது.” அங்கே என்ன பேசினார்கள் என்பதை நான் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது. அலுவலர்கள் மேலிடத்திலிருந்து என்ன கேள்வி வருமோ என்று பயந்திருந்தார்கள். கிராமத்து நூலகர்களோ இந்த அலுவலர்களை நினைத்துப் பயந்திருந்தார்கள். அவர் முதலில் சொன்னது இதுதானாம்: “மேலேர்ந்து போன் வந்தா கணக்கு கேக்கத்தான்னு நூலகர்கள் நெனைக்கிறாங்க. ஒரு நாள் கணக்கு கேக்காம போன் பண்ணிப் பாருங்க.” ஓர் அலுவலர் அப்படிச் செய்தபோது எதிர்முனையிலிருந்த நூலகர், “சரிங்க சார், சரிங்க சார்” என்று முழுவதும் கேட்டுவிட்டுக் கடைசியில், “எந்தக் கணக்கு சார் வேணும்?” என்றாராம்.

நூலகங்களை மீண்டும் திறந்து இரவல் மட்டும் கொடுக்கத் தொடங்கியபோது, திரும்பி வந்த புத்தகங்களை என்ன செய்வது என்று குழப்பம். ஓரமாக வைத்திருந்து பிறகு அடுக்குங்கள் என்று உத்தரவு. வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்று யாரோ சொல்லக் கேட்ட ஒரு நூலகர் எல்லாவற்றையும் நெற்களத்தில் கொட்டிப் பரப்பிவிட்டார். அது மட்டுமா? நெல்லைத் துழாவுவதுபோல அவ்வப்போது காலால் புரட்டியும் விட்டிருக்கிறார். மாலையில் அட்டைகளெல்லாம் அப்பளமாக வளைந்திருந்தன. அலுவலர் அவர்மேல் குறிப்பாணை எழுத உட்கார்ந்தபோது ஞானப்பிரகாசம் தடுத்தார். “வயல்காட்டுல பொறந்தவன், காய வைக்கச் சொன்னா வேற எப்படிக் காய வைப்பான்? புத்தகத்து மேல செங்கல்லை வைக்கச் சொல்லுங்க, நிமிந்துடும்.” இந்தக் கதையை எனக்கு அவரே சொன்னார். சிரித்தேன். சிரித்துவிட்டு, இதையெல்லாம் என்னோடு சேர்ந்து சிரிப்பதற்கு முன் இன்னும் எத்தனை பேரோடு சிரித்திருப்பார் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாம் அலை வந்தது. மறுபடி எல்லாம் மூடப்பட்டது. அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு தகவல் வந்தது. வெண்ணாற்றங்கரையில் ஓர் ஊரில் பூட்டிய நூலகத்துக்குள் நெல் மூட்டைகளை ஏற்றிவிட்டார்கள் என்று பெயர் சொல்லாத ஒருவர் பேசினார். ஞானப்பிரகாசத்தைக் கேட்டேன்.

“அப்படியா? போய்ப் பாத்தியா?”

“எங்க போறது? எல்லாம் அடைச்சுக் கெடக்கு.”

“நீ போய்ப் பாக்காம எழுத மாட்ட. போய்ப் பாக்க வழியும் இல்ல. அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற?”

கேலி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அப்போது அவருக்கு எல்லாம் தெரியும்.

தொற்றெல்லாம் ஓய்ந்த பிறகுதான் அவர் போனார். அடக்கத்தன்று மாதா கோவிலில் எனக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கவில்லை. நூலகர்கள் நிறைந்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் “எங்க சார்” என்றார்கள். எனக்குத் தெரியாத ஞானப்பிரகாசங்களாக இருந்தார்கள் எல்லோர் பேச்சிலும். ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இன்னொருவரின் மாமியார் இறந்த அன்று போனில் ஒன்றும் பேசாமல் கூடவே இருந்திருக்கிறார். நான் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அங்கே வேட்டியும் கழுத்தில் துண்டுமாக ஒருவர் வந்து சேர்ந்தார். நூலகர்போலத் தெரியவில்லை.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன்.

“நான் பக்கிரிசாமிங்க. விவசாயி. அவரை நான் பாத்ததே இல்ல. குரல்தான் தெரியும்.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “என் சம்சாரம்தான் கட்டாயம் போய்ட்டு வரணும்னு அனுப்புனா. அந்தச் சமையல் புத்தகத்தை இன்னும் அவ தரலைங்க. அதை இங்க சொல்லிடாதீங்க, வளர்மதி அம்மா நிக்கிறாங்க.”

பக்கத்தில் வந்து நின்ற வளர்மதி, “அது எனக்குத் தெரியும் அண்ணே. முதல்ல வத்தக்குழம்பை ஒழுங்கா வைக்கக் கத்துக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்” என்றார். அழுத முகத்தோடு சிரித்தார்.

“என்ன புத்தகம்? எனக்கு ஒண்ணும் புரியலையே” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வளர்மதி சொன்னார். வளர்மதி என்பது நான் வைத்த பெயர். ஊரையும் சொல்ல மாட்டேன். அந்த நிபந்தனையோடுதான் நான் இதை எழுதச் சம்மதித்தார்.

அவர் தாம்பரத்தில் வளர்ந்தவர். பதவி உயர்வில் இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தொற்று உச்சத்தில் இருந்த ஒரு நாள் பிற்பகல் பக்கிரிசாமி அவரை அழைத்தார்.

“அம்மா, காய்ச்சல் போதலைன்னு உள்ள எடுக்க மாட்டேங்கிறாங்கம்மா. நாலு நாளா வாசல்லயே கெடக்கு.”

“ஐயோ, யாருக்குங்க? வயசு என்ன?”

“குறுகிய வயசுதாம்மா. கோடைக்கு வெச்சது.”

“ஆக்சிஜன் பாத்தாங்களா?”

“மிஷின்ல வெச்சுப் பாத்தாங்க. ஈரம் இருக்காம், இன்னும் காயணுமாம். மழை வேற கட்டிக்கிட்டு வருது. நனைஞ்சா முளைச்சுடும்மா.”

முளைச்சுடும் என்ற இடத்தில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. அதுவரை ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாராம். நெல் நன்றாகக் காய்ந்திருப்பதைக் காய்ச்சல் என்றும், சீக்கிரம் விளையும் ரகத்தைக் குறுகிய வயசு என்றும் சொல்லும் ஊர் இது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். களத்தில் தார்ப்பாய் போதவில்லை. ஊரில் பெரிய கூரை நூலகத்துக்குத்தான். நூலகர் தொற்றோடு ஆஸ்பத்திரியில். சாவி பக்கத்து வீட்டில். வளர்மதி ஒரு வார்த்தை சொன்னால் திறப்பார்கள். சொல்லாவிட்டால், நூலகம் பூட்டிக் கிடக்கிறது, நெல் நனைகிறது என்று மறுநாள் பத்திரிகையில் வரும். அதை எழுதுகிறவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து. நெல் ஒருமுறை ஏறிய கட்டடம் பிறகு நூலகத்துக்குத் திரும்பாது என்று அலுவலகத்தில் பழையவர்கள் வேறு பயமுறுத்தியிருந்தார்கள்.

அவர் ஞானப்பிரகாசத்தை அழைத்தார்.

“சிரிக்கவே இல்ல சார். ‘உங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது’ன்னு கேட்டார். திறந்து விடணும்னு தோணுது, பயமா இருக்குன்னேன். ‘பயம் இருக்கட்டும். ஆனா ஈர நெல்லு மூச்சு விடும், அது புத்தகத்துக்கு ஆகாது. நெல்லு உள்ள போறதுக்கு முன்னால புத்தகம் வெளிய போயிடணும்’னார். எங்க சார் அனுப்புறதுன்னு கேட்டேன். ‘நெல்லு எந்த வீட்டுதோ அந்த வீட்டுக்கு. இரவல்னு ஒரு வார்த்தை நம்மகிட்ட இருக்கே, அது எதுக்கு இருக்கு?’ன்னார்.”

நெல் வைக்கிறவர் எல்லோரும் நூலக உறுப்பினர். உள்ளே வைக்கும் மூட்டைக்கு ஈடாகப் புத்தகக் கட்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நெல் வெளியே வரும் நாளில் புத்தகம் உள்ளே வர வேண்டும். “அவங்க பொருளு நம்ம வீட்டுல, நம்ம பொருளு அவங்க வீட்டுல. ரெண்டு பக்கமும் பத்திரமா இருக்கும்” என்றாராம் ஞானப்பிரகாசம். வளர்மதி ஸ்கூட்டரில் கிளம்பினார். வழியில் மறித்த போலீஸ்காரரிடம் நூலகம் திறக்கப் போகிறேன் என்றதற்கு, “இப்ப எவன் படிக்கப் போறான்?” என்றாராம் அவர்.

முகக்கவசமும் துண்டும் கட்டிய ஆட்கள் விலகி விலகி வரிசையில் நின்றார்கள். ஞானப்பிரகாசத்தின் குரல் வளர்மதியின் போனில் ஸ்பீக்கரில் இருந்தது. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, எந்த அலமாரியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். பக்கிரிசாமியின் முறை வந்தபோது அவர், “எனக்குப் படிக்கவே வராதுங்க, எனக்கெதுக்கு?” என்றார்.

“வீட்டுல சமைக்கிறது யாரு?”

“எம் பொண்டாட்டிதான்.”

“நல்லா சமைப்பாங்களா?”

பக்கிரிசாமி பதில் சொல்லாமல் நின்றாராம். வரிசை முழுவதும் சிரித்திருக்கிறது. “வளர்மதிம்மா, அவருக்குச் சமையல் வரிசையைக் கொடுங்க.”

மழை விழத் தொடங்கியபோது கடைசி மூட்டை உள்ளே போயிருந்தது. “அது வரைக்கும் சார் லைன்லயே இருந்தார்” என்றார் வளர்மதி. அந்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழை வந்ததைச் சொல்ல நான் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தேன்.

வானம் வெளுத்து, நெல் காய்ந்து, கொள்முதலுக்குப் போயிற்று. கூடத்தைக் கழுவிவிட்டார்கள். புத்தகங்கள் பெட்ஷீட்டிலும் வேட்டியிலும் கட்டிக்கொண்டு திரும்பி வந்தன. படித்து முடிக்கவில்லை என்று சில வீடுகள் தவணை கேட்டன. வளர்மதி கொடுத்தார். நாடு முழுவதும் நூலகங்கள் பூட்டிக் கிடந்த நாட்களில் அந்த ஓர் ஊரில் ஒரு புத்தகம்கூட அலமாரியில் இல்லை.

என் வேலையில் இப்படி ஒரு செய்தி எனக்குக் கிடைத்ததில்லை. கிடைத்திருக்க வேண்டியது. அவர் வாயிலிருந்து, ஒரு தெரு தூரத்தில். கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு வளர்மதியிடம் கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன். “என்கிட்ட ஏன் சொல்லல? நான் எழுதி உங்களை மாட்டி விட்டுடுவேன்னு நெனைச்சாரா?”

பக்கிரிசாமி நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

“நானே கேட்டேன் சார். நிருபர் சாருக்கு மட்டும் சொல்லலாமான்னு. அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. ‘சொன்னா எழுதணும்னு அவனுக்குத் தோணும். எழுதாதேன்னா எழுத மாட்டான். எனக்காக எழுத மாட்டான். அதுக்கப்புறம் என்னைப் பாக்குறப்பல்லாம் அவனுக்கு அந்தச் செய்திதான் தெரியும், நான் தெரிய மாட்டேன். வேணாம்மா.’ அப்படின்னார்.”

அவர் பயந்தவர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்த அந்த மாலைகளில் அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது, அது என்னைப் பற்றியது என்பது மட்டும் புரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். முழுவதும் இல்லை. என்னைக் கேட்டிருக்கலாம். எழுதாமல் இருந்திருப்பேன். எழுதாமல் இருந்தும் அவரை அவராகவே பார்த்திருப்பேன். அதைக் காட்ட அவர் எனக்கு ஒரு வாய்ப்பு தரவில்லை. வளர்மதிக்குத் தந்தார். பக்கிரிசாமிக்குக்கூடத் தந்தார்.

ஞானப்பிரகாசம் எனக்குச் சொன்ன செய்திகளையெல்லாம் அந்தந்த நாளிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவை என்னுடையவையாக இருந்ததில்லை. நூலகர்களே, அந்த மாலைகளில் அவர் உங்களுக்குச் சொன்னதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் பங்கு கேட்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் ஒன்றை நினைத்து நினைத்து அடக்கி வைத்திருந்தார். அத்தனை நாளும் அவர் மனதில் என் பெயர் இருந்திருக்கிறது. அது உங்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.